கைப் பிரஷர் நார்மல், நுரையீரல் பிரஷர் 52

29 வயதுப் பெண். மேலூர் பக்கம் ஒரு கிராமம், மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை, நாலு வயதில் ஒரு மகள். ஒன்றரை வருடமாக மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நோயையும் அது போன போக்கையும் மாற்றவில்லை. நான் மதுரையில் நெஞ்சக நோய் பார்க்கிற டாக்டர். எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டில் 'பல்மனரி ஹைப்பர்டென்ஷன்', அதாவது நுரையீரல் தமனியில் பிரஷர் அதிகம் என்று ஒரு வரி இருந்தால் அதையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டு உடனே மாத்திரை எழுதிவிடுகிற பழக்கம் பெருகிக்கொண்டே போகிறது, அந்த எரிச்சலில்தான் இந்தக் கேஸை எழுத உட்கார்ந்தேன். அந்த வரி வெறும் ஒரு அளவைத்தான் சொல்கிறது. நோய் நடப்பது நுரையீரல் ரத்தக்குழாயின் சுவரில், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்கிற சேதிகளில். எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கிற மாத்திரை சிலருக்கு உபயோகமில்லாமல் போகும், சிலரை ஐசியூவில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்.

சரி, கேஸுக்கு வருகிறேன்.

முதலில் மூச்சு வாங்கியது கடை மாடிப்படியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானாம், சேலைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இவர்கள் படியில்தான் ஏறவேண்டும். மூன்றாவது மாடி ஏறியதும் பேச முடியாமல் நிற்பார், கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். ஒரு இடத்தில் ரத்தசோகை என்றார்கள், ஹீமோகுளோபின் 9.6 இருந்திருக்கிறது, அதனால் அந்தப் பேச்சு பொய் என்று சொல்லமுடியாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு 11.8 வரை ஏறியும் மூச்சு அப்படியே. இன்னொரு இடத்தில் வீசிங் என்று இன்ஹேலர். அது ஆறு மாதம் ஓடியது. கடைசியாக ஒருவர், 'மனசுல ஏதோ கவலை இருக்கும்மா, தூங்குங்க' என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். இளவயதுப் பெண், மெலிந்த உடம்பு, நெஞ்சு எக்ஸ்ரே மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றால் நம்மூரில் இந்த மூன்று வாசல் வழியாகத்தான் அலையவேண்டும். இந்த நோய் உலகம் முழுக்கவே தாமதமாகத்தான் பிடிபடுகிறது, பலருக்கு அறிகுறி தொடங்கி 2 வருடம் தாண்டிவிடுகிறது.

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு குடும்பமாகக் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். ஏரியைச் சுற்றிக் கொஞ்ச தூரம் நடந்ததும் கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் தெளிந்தது. அங்கே எடுத்த இசிஜியில் வலது பக்கம் சாய்ந்த அச்சும் வலது கீழறை தடித்ததற்கான அடையாளமும் இருந்தது, பார்த்த டாக்டர் 'கீழே இறங்கினதும் எக்கோ எடுங்க' என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்த முகம் தெரியாத டாக்டருக்கு நன்றி.

'பிரஷர் எல்லாம் பாத்தாச்சு டாக்டர், 110க்கு 70, நார்மல்னு சொல்லிட்டாங்க' என்றார் கணவர். நியாயமான கேள்விதான். கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் இடது இதயம் உடம்புக்கு அனுப்புகிற ரத்தத்தின் பிரஷர். வலது இதயம் நுரையீரலுக்கு அனுப்புவது வேறு கணக்கு. அதே அளவு ரத்தம்தான் நிமிடத்துக்கு நிமிடம் அங்கேயும் போகிறது, ஆனால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு அழுத்தத்தில் போய்விடும். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசம் அளவில்தான் இருக்கும். 20ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்று இப்போது வரையறை, 2018 வரை அது 25 ஆக இருந்தது. இதைக் கைப்பட்டையில் பிடிக்க வழியே இல்லை.

பரிசோதனையில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மார்பெலும்பின் இடது ஓரத்தில் கை வைத்தால் வலது கீழறை கையைத் தூக்கியது, இரண்டாம் இதய ஒலியின் நுரையீரல் பகுதி ஓங்கி அடித்தது, கணுக்காலில் லேசான வீக்கம். ஆக்சிஜன் அளவு 94. நுரையீரலில் வீசிங் சத்தம் துளிகூட இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை இன்னும் யாராவது கவனமாக வைத்திருந்தால் இன்ஹேலர் கட்டத்திலேயே இது பிடிபட்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எக்கோவில் வலது அறைகள் இரண்டும் விரிந்து, நடுச்சுவர் இடது பக்கம் தட்டையாகத் தள்ளப்பட்டிருந்தது. வலது கீழறையின் உச்ச அழுத்தம் 80க்கு மேல் என்று மதிப்பீடு. இடது பக்க வால்வுகள் நன்றாக இருந்தன, ஓட்டை எதுவும் இல்லை.

இங்கேதான் நிறுத்தி யோசிக்கவேண்டும். நம் பக்கத்தில் நுரையீரல் பிரஷர் ஏறியிருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இடது இதயத்தை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன பெண்கள் இன்னும் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தம் முன்னால் போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது, அதனால் பிரஷர் ஏறுகிறது. அடைப்பைத் திறக்காமல், நுரையீரல் தமனியை மட்டும் விரிக்கிற மாத்திரையைக் கொடுத்தால் இன்னும் அதிக ரத்தம் உள்ளே வந்து, வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். விறகடுப்புப் புகையிலும் பீடிப் புகையிலும் கெட்ட நுரையீரல் வேறு வகை, அங்கே நோயை முதலில் நுரையீரலில் பார்க்கவேண்டும். நுரையீரல் தமனியில் பழைய ரத்தக்கட்டி கரையாமல் தழும்பாகிப்போனது இன்னொரு வகை, அதை ஆபரேஷன் செய்து உரித்தெடுக்க முடியும், இந்த நோய்க் கூட்டத்திலேயே குணப்படுத்தக்கூடிய வகை என்பதால் அதைத் தவறவிட்டால் மன்னிப்பே இல்லை. எக்கோ ரிப்போர்ட்டும், தமனியை விரிக்கிற சில்டெனாஃபில் மாத்திரைக்கான சீட்டும் ஒரே தேதியில் இருக்கும் ஃபைல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது.

இவருக்குக் காற்றும் ரத்தமும் சேரும் இடங்களைக் காட்டுகிற ஸ்கேன் சுத்தமாக இருந்தது, அதனால் பழைய ரத்தக்கட்டி இல்லை. சிடி, கல்லீரல், தன்னெதிர்ப்பு நோய்ச் சோதனைகள், எச்ஐவி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் பதில் இல்லை. உடல் மெலிய மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்றும் கேட்டேன். சும்மா கேட்கவில்லை, 1960களின் கடைசியில் ஐரோப்பாவில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி மருந்து வந்தபோதும், அப்புறம் ஃபென்ஃப்ளூரமின் காலத்திலும் இதே நோய் கொத்துக்கொத்தாக வந்தது. ஃபென்ஃப்ளூரமினை 1997ல் திரும்பப் பெற்றார்கள். இவர் அப்படி எதுவும் சாப்பிடவில்லை.

அடுத்தது வலது இதயக் கதீட்டர், மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக வலது இதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேராக அளப்பது. இதைச் செய்யாமல் இந்த நோயை உறுதி செய்யக்கூடாது. சராசரி நுரையீரல் தமனி அழுத்தம் 52. இடது பக்கத்தைக் காட்டுகிற அடைப்பு அழுத்தம் 9, அதாவது இடது இதயம் குற்றவாளி இல்லை. இதயம் நிமிடத்துக்கு அனுப்பிய ரத்தம் 3.6 லிட்டர். 52இலிருந்து 9ஐக் கழித்து 3.6ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 உட் யூனிட் தடை (நுரையீரல் குழாய்கள் ரத்த ஓட்டத்துக்குக் கொடுக்கிற தடையை அளக்கும் அலகு அது). 2 யூனிட்டுக்குமேல் போனாலே அதிகம். ஆக இது தமனிச் சுவரிலேயே இருக்கிற நோய், நுரையீரல் தமனி உயர் அழுத்தம் என்று தனியாகச் சொல்லப்படும் முதல் வகை.

அதே மேஜையில் இன்னொரு சோதனை செய்தோம். நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூச்சில் கொடுத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. 10 புள்ளியாவது இறங்கி 40க்குள் வந்தால், அதோடு இதயம் அனுப்பும் ரத்தமும் குறையாமல் இருந்தால், சாதாரண கால்சியம் தடுப்பு மாத்திரையிலேயே பல வருடம் ஓட்டலாம். காரணம் தெரியாத வகையில் 10 பேரில் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும். இவருக்கு 52 என்பது 48 ஆனது, அவ்வளவுதான். இந்த 48 எனக்கு நிறையச் சொன்னது.

நுரையீரல் தமனியின் உள்பக்கம், ரத்தம் உரசுகிற இடத்தில், ஒரே ஒரு வரிசையாக உள்வரிச் செல்கள். எண்டோதீலியம் என்பது அதுதான். அதற்கு வெளியே மென்தசைச் செல்கள், அதற்கும் வெளியே நார்ச்செல்கள், இடையிடையே நுண்குழாய்களைச் சுற்றிப் பற்றிக்கொண்டிருக்கும் பெரிசைட்டுகள் என்ற செல்கள், நோய் முற்றும்போது வந்து குடியேறுகிற வெள்ளை அணுக்கள். சுருங்குவதும் விரிவதும் தசைச் செல்லின் வேலை. எப்போது, எவ்வளவு என்று சொல்வதில் பெரும்பங்கு உள்வரிச் செல்லுக்கு. இது தெரிந்தே ரொம்ப நாள் ஆகவில்லை. 1980ல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டை வைத்துச் சோதனை செய்தார். உள்வரி இருந்தால் அசிடைல்கோலின் பட்டதும் குழாய் விரிந்தது, உள்வரியைத் தேய்த்து எடுத்துவிட்டால் விரியவில்லை. தசை அதே தசைதான். அப்படியானால் உள்வரியிலிருந்து ஏதோ ஒன்று தசைக்குப் போகிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்று தெரிய இன்னும் சில வருடம் ஆனது, 1998ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல். சில நொடிகளில் அழிந்துவிடுகிற ஒரு வாயு, பக்கத்துச் செல்வரைக்கும் போனால் போதும் என்பதால் அதற்கு அந்த ஆயுள் போதும்.

தசைச் செல்லுக்குள் நுழைந்த நைட்ரிக் ஆக்சைடு ஒரு நொதியைத் தூண்டி சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளை உண்டாக்குகிறது, அது தசையைத் தளர்த்துகிறது. உள்வரி அனுப்பும் இரண்டாவது சேதி புரோஸ்டாசைக்ளின். இதுவும் தளர்த்தும், செல் பெருகுவதைத் தடுக்கும், தட்டணுக்கள் ஒட்டுவதையும் தடுக்கும். மூன்றாவது எதிர்த்திசை. எண்டோதெலின், 1988ல் ஜப்பானில் யனகிசவா குழு பன்றியின் தமனி உள்வரிச் செல்லிலிருந்து பிரித்தது, 21 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். சுருக்குவதில் இதற்கு நிகர் அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. (மண்ணுக்குள் வாழ்கிற ஒரு வகைப் பாலைவன நச்சுப்பாம்பின் விஷத்தில் இதன் சாயலில் புரதங்கள் இருக்கின்றன, தனிக்கதை.) உள்வரிச் செல் இதை ரத்தத்தின் பக்கம் விடுவதைவிடத் தசையின் பக்கமே அதிகம் விடுகிறது. இந்த நோயாளிகளின் நுரையீரலில் எண்டோதெலின் கூடியும், நைட்ரிக் ஆக்சைடு செய்கிற நொதி குறைந்தும் இருப்பதை 1990களிலேயே திசு ஆய்வுகள் காட்டிவிட்டன.

இது மட்டும்தான் நோய் என்றால், நான் வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கொடுத்ததும் 52 இறங்கியிருக்கவேண்டும் இல்லையா? உள்வரி சொல்ல மறந்ததை நானே தசைக்குச் சொல்லியாயிற்று. ஆனாலும் 48. ஏனென்றால் தசை வெறுமனே இறுகி நிற்கவில்லை, பெருகிவிட்டது. சுவர் தடித்து, நுனிக் குழாய்களில் சாகவேண்டிய உள்வரிச் செல்கள் சாகாமல் முடிச்சு முடிச்சாக வளர்ந்து பாதையையே அடைத்துவிட்டன. நுரையீரலின் ரத்தக்குழாய்ப் பரப்பு அவ்வளவு தாராளம் என்பதால் பாதிக்கு மேல் இப்படிக் கெட்ட பிறகுதான் ஓய்வில் இருக்கும்போதே அழுத்தம் ஏறுகிறது. 52 என்ற எண்ணுக்குப் பின்னால் பல வருடக் கதை இருக்கிறது. தளர்த்து, சுருங்கு என்ற நிமிடச் சேதிகளுக்கு அடியில் வளர், வளராதே, செத்துப்போ என்கிற நீண்டகாலச் சேதிகள் இருக்கின்றன. அவைதான் இங்கே கெட்டவை.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று முதல் நாளே கேட்டேன், இல்லை என்றார்கள். கதீட்டருக்குக் கையெழுத்துப் போட அம்மா வந்திருந்தார், நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டார். 'மூத்தவளுக்கும் இப்படித்தானய்யா மூச்சு வாங்குச்சு. புள்ள பெத்து அஞ்சாம் நாள் போயிட்டா. ஹார்ட் அட்டாக்குன்னாங்க.' அப்போது அக்காவுக்கு வயது 24. அக்காவின் மகனைப் பாட்டிதான் வளர்க்கிறார், அவனுக்கு இப்போது ஒன்பது வயது.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரத்தில் திடீர் மரணம் என்பது இந்த நோயில் நன்றாகத் தெரிந்த ஒன்று. கர்ப்பத்தில் ரத்த அளவு கூடுகிறது, அதைத் தாங்குகிற வலது இதயம் பிரசவம் முடிந்ததும் கைவிடுகிறது. 1997இலிருந்து 2007 வரை வெளியான கேஸ்களைத் தொகுத்தபோது நாலில் ஒரு தாய் இறந்திருந்தார். அக்காவுக்கு என்ன நடந்தது என்று இனி நிரூபிக்க முடியாது. ஆனால் இவரின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோது பிஎம்பிஆர்2 மரபணுவில் மாற்றம் இருப்பதாக வந்தது.

2000த்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த மரபணு இது. குடும்பமாக வருகிற நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தில் 100க்கு 70, 80 குடும்பங்களில் இதில்தான் பிழை. பிஎம்பிஆர்2 என்பது உள்வரிச் செல்லின் மேல் நிறைய இருக்கிற ஒரு ஏற்பி, அதாவது சேதி வாங்குகிற புரதம். அதற்கு வருகிற முக்கியமான சேதிகளில் ஒன்று பிஎம்பி9, அது கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் மிதந்து வருகிறது. அந்தச் சேதி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை உள்வரிச் செல் அமைதியாக, பெருகாமல், உடையாமல் இருக்கும். ஏற்பி பாதியாகக் குறைந்தால் எதிர்ப்பக்கம் இருக்கிற ஆக்டிவின், டிஜிஎஃப் பீட்டா போன்ற 'வளர்' என்கிற சேதிகளின் கை ஓங்கிவிடும். கெட்ட உள்வரிச் செல் தசைச் செல்லுக்கு எண்டோதெலினையும் வளர்ச்சிக் காரணிகளையும் கூடுதலாக அனுப்பும், தசை பெருகும், அழற்சிச் செல்கள் வந்து இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் சேதிகளை விட்டு எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றும்.

ஆனால் மரபணு மாற்றம் இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெண்களில் 100க்கு 42 பேர், ஆண்களில் 14 பேர் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இந்த மாற்றம் கட்டாயம் இருந்திருக்கும் என்றும் சொல்லிவிடமுடியாது, ஆனால் இரண்டு மகள்களுக்கும் வந்திருப்பதாகத் தோன்றுவதால் யாரோ ஒருவர் சுமந்துகொண்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கவேண்டும். அம்மா சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. 'என்கிட்ட இருந்து போயிருந்தா அத நான் தெரிஞ்சு என்னய்யா பண்ண' என்றார். வற்புறுத்தவில்லை.

கொடைக்கானலில் ஏன் விழுந்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி அது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் மதுரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. உடம்பின் மற்ற தமனிகள் ஆக்சிஜன் குறைந்தால் விரியும், நுரையீரல் தமனி மட்டும் சுருங்கும். 1946ல் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனையில் இதைக் காட்டினார்கள். நிமோனியாவில் ஒரு பகுதி கெட்டால் ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிட இது ரொம்ப உதவுகிற ஏற்பாடு. மலையில் நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு, அதனால் எல்லாத் தமனியும் சேர்ந்து சுருங்குகிறது.

ஆக்சிஜன் குறைவு முதலில் உறைப்பது காற்றுப்பையை ஒட்டிய நுண்குழாயில். சுருங்கவேண்டியது அதற்கு முன்னால் இருக்கிற சிறுதமனி. ரத்தம் தமனியிலிருந்து நுண்குழாய்க்குப் போகிறது, சேதி ரத்த ஓட்டத்துக்கு எதிராக வரவேண்டும். எப்படி வருகிறது? தசைச் செல்லே நேராக ஆக்சிஜனை உணர்கிறது என்பது பழைய, இன்னும் செல்லுபடியாகிற விளக்கம். 2012ல் எலிகளில் செய்த ஒரு ஆய்வு கூடுதலாக ஒன்றைக் காட்டியது. நுண்குழாயின் உள்வரிச் செல்லில் மின்னிலை மாறுகிறது, அந்த மாற்றம் செல்லிலிருந்து செல்லுக்குத் தாவி மேலே சிறுதமனிவரை போகிறது. தாவுவதற்கு வழி கனெக்ஸின் 40 என்ற புரதத்தால் ஆன இடைவெளிச் சந்திப்புகள். ஒரே சுவரைப் பங்குபோடும் இரண்டு வீட்டுக்கு நடுவில் குழம்புக் கிண்ணம் நீட்ட ஒரு மாடம் விட்டிருப்பார்களே, அதைப்போல இரண்டு செல்லின் உட்பக்கத்தை நேராக இணைக்கிற துளை. அயனியும் சின்ன மூலக்கூறுகளும் வெளியே வராமலே கைமாறும். கனெக்ஸின் 40 இல்லாத எலிக்கு ஆக்சிஜனைக் குறைத்தாலும் தமனி சரியாகச் சுருங்கவில்லை.

உள்வரிக்கும் தசைக்கும் நடுவிலும் இதேபோன்ற துளைகள் உண்டு, அங்கே கனெக்ஸின் 43க்கும் பங்கு இருக்கிறது. செல் வளர்ப்பில் உள்வரிச் செல்லையும் தசைச் செல்லையும் தொட்டுக்கொள்ள விட்டால் செரட்டோனின் என்ற சேதிப்பொருள் இந்த வழியாகத் தசைக்குள் போய் அதன் குணத்தையே மாற்றுவதைப் பார்த்திருக்கிறார்கள். இதுதவிர தொட்டால் மட்டும் நடக்கிற இன்னொரு பேச்சும் இருக்கிறது, ஒரு செல்லின் மேலுள்ள ஜாக்ட் புரதம் அடுத்த செல்லின் நாட்ச்3 என்ற ஏற்பியைப் பிடிப்பது. 2009ல் வந்த ஆய்வில் நாட்ச்3 இல்லாத எலிகளுக்கு ஆக்சிஜன் குறைந்தும் இந்த நோய் வரவில்லை. தொடாமலே தூரத்துக்குப் போகிற எக்ஸோசோம் என்ற நுண்பைகளும் உண்டு, நோயுள்ள எலியிலிருந்து எடுத்து நல்ல எலிக்குச் செலுத்தினால் அதற்கும் நுரையீரல் அழுத்தம் ஏறியது. எலியில் நடந்ததெல்லாம் மேலூர்க்காரருக்கு அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை, எலியில் குணமான நோய்களின் பட்டியல் ரொம்ப நீளம்.

ஏற்கெனவே 12 யூனிட் தடையோடு இருந்தவர், மலைக்குப் போனதும் மீதமிருந்த நல்ல தமனிகளும் சுருங்கின, மேலே நடை வேறு. வலது இதயத்தால் கூடுதலாகத் தள்ள முடியவில்லை, இடது பக்கத்துக்கு ரத்தம் வரவில்லை, மூளைக்குப் போகவேண்டியது குறைந்தது, விழுந்தார்.

சிகிச்சைக்கு வருவோம். இன்றைக்கு நம் கையில் இருக்கிற மாத்திரைகள் எல்லாமே மேலே சொன்ன மூன்று சேதிகளைச் சரிக்கட்டுபவைதான். எண்டோதெலினின் ஏற்பியை மறிக்கிற பொசென்டான் 2001ல் வந்தது, அப்புறம் ஆம்பிரிசென்டான், மாசிடென்டான். சைக்ளிக் ஜிஎம்பியை உடைக்கிற நொதியைத் தடுக்கிற சில்டெனாஃபில் 2005ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது, டடாலாஃபில் 2009ல். புரோஸ்டாசைக்ளின் வழியில் 1995ல் எபோபுரோஸ்டெனால், 2015ல் செலெக்ஸிபாக் மாத்திரை. ஒன்றொன்றாகச் சேர்ப்பதைவிட முதலிலேயே இரண்டைச் சேர்த்துத் தொடங்குவது நல்லது என்று 2015ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியதால் இவருக்கு ஆம்பிரிசென்டானும் டடாலாஃபிலும், கூடவே நீர் இறங்க மாத்திரையும் தொடங்கினேன்.

இரண்டே வாரத்தில் கணவர் தனியாக வந்தார். டடாலாஃபில் வாங்கப் போன மருந்துக்கடையில் 'வீட்டம்மாவுக்கா?' என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், அடுத்த முறை போக வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். இந்த மாத்திரைகளை ஊர் எதற்காகத் தெரிந்து வைத்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. சில்டெனாஃபிலை முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதித்தார்கள், 1998ல் வேறு காரியத்துக்கு விற்பனைக்கு வந்து பேர் வாங்கியது. ஆண்குறியின் தசையில் இருக்கிற அதே நொதி நுரையீரல் தமனித் தசையிலும் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. கடைக்காரருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், இது நுரையீரல் நோய்க்கு, ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்று. அதே கடிதத்தின் கீழே இவருக்கு நெஞ்சுவலி என்று யாராவது நாக்கின்கீழ் நைட்ரேட் மாத்திரை வைத்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும் என்றும் பெரிய எழுத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறார்.

இரண்டாவது குழந்தைப் பேச்சு இதைவிடக் கஷ்டம். மாமியார், 'ஒரு ஆம்பளப் புள்ள மட்டும் பெத்துக்கிட்டு அப்புறம் வைத்தியம் பாத்துக்கலாம்ல' என்று கேட்டார். கெட்ட மனுஷி இல்லை, மருமகளுக்காகத் திருப்பரங்குன்றத்துக்கு நடந்து போனவர். கர்ப்பத்தில் உயிர் ஆபத்து என்பதோடு ஆம்பிரிசென்டான் சிசுவைச் சிதைக்கும், மாதாமாதம் கர்ப்பச் சோதனை செய்யவேண்டும். மயக்க ஊசி கொடுத்துப் பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்வதே இந்த நோயில் ஆபத்தானது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கணவர், 'எனக்கே பண்ணிருங்க டாக்டர், அவளுக்கு எதுவும் வேணாம்' என்றார். ஆண்களுக்கான அந்தச் சின்ன ஆபரேஷனை இந்தப் பக்கத்தில் தானாகக் கேட்ட கணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த மாதமே செய்துகொண்டார், அப்புறம் இருக்கவேண்டிய மூன்று மாத எச்சரிக்கையையும் விந்துச் சோதனையையும் ஒழுங்காக முடித்தார். மாமியார் சில வாரம் பேசவில்லையாம்.

நாலு மாதத்தில் 6 நிமிட நடை 290 மீட்டரிலிருந்து 385க்கு வந்தது. இதயம் திணறுவதைக் காட்டுகிற என்டி-புரோபிஎன்பி 1,850இலிருந்து 560. கால் வீக்கம் ஆம்பிரிசென்டானால் கொஞ்சம் நிற்கிறது. கடையில் கீழ்த்தளக் கவுண்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் நான் கொண்டாடமாட்டேன். தளர்த்துகிற சேதியைக் கூட்டி, சுருக்குகிற சேதியைக் குறைத்திருக்கிறேன், அடியில் இருக்கிற 'வளர்' சேதியை நான் பெரிதாகத் தொடவில்லை. அதைத் தொடுகிற முதல் மருந்து சோடாடெர்செப்ட், 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆக்டிவின்களை ரத்தத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு பிஎம்பிஆர்2 பக்கத்துக்கும் ஆக்டிவின் பக்கத்துக்கும் சமநிலை வர முயற்சி செய்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலடி ஊசி. ஏற்கெனவே மற்ற மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமே 24 வாரத்தில் நடைதூரம் சுமார் 40 மீட்டர் கூடியது. இவருடைய நோய்க்கு, இவருடைய மரபணுவுக்கு, படித்தாலே கை துறுதுறுக்கிற மருந்து. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் வாங்குகிற விலையில் இல்லை. அதனால் இப்போதைக்கு அடுத்த படி செலெக்ஸிபாக் சேர்ப்பது, அதற்கு முன் கதீட்டரை ஒருமுறை திரும்பச் செய்வது. மலைப்பயணம் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மீதியிருப்பது இரண்டு குழந்தைகள். மகளுக்கு மாற்றம் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, அக்காவுக்கும் இருந்தது என்று வைத்துக்கொண்டால் அவர் மகனுக்கும் அப்படியே. இருவருக்கும் எக்கோ எடுத்தோம், நார்மல். மரபணுச் சோதனை செய்யலாமா என்று மரபியல் ஆலோசகரிடம் பேச அனுப்பினேன். மகளுக்கு இப்போது வேண்டாம், வருடத்துக்கு ஒரு எக்கோ போதும் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள், எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. பையனின் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் சோதனைக்கு அனுப்பமுடியாது, பாட்டி இரண்டு முறை போனில் கேட்டுவிட்டார், வருகிற ஆடிக்கு அவர் ஊருக்கு வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு வருவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.